செல்ல (உயிரணுவ) ஒலியால நகத்துற சிப்பு கிட்: ஏழு மாசம் ஓட்டுனதுக்கு அப்புறம் ஒரு ரிவ்யூ

இந்த மாதிரி கிட் வாங்கலாமான்னு தேடுனா கம்பெனி வீடியோ வருது, ஆராய்ச்சி பேப்பர் வருது, ஆனா வாங்கி வச்சு மாசக்கணக்கா ஓட்டுனவன் என்ன பட்டான்னு சொல்ல ஒருத்தனும் இல்ல. அதான் நானே உக்காந்து எழுதுறேன். கம்பெனி பேரு போடல. நான் சொல்லப்போற குறையில பாதி இந்த வகை சாமான் எல்லாத்துக்கும் பொருந்தும், மீதி பாதி எங்க லேப்புக்கும் அவங்களுக்கும் நடுவுல இன்னும் மெயில்ல ஓடிட்டிருக்கு. மார்க்கு கேட்டா அஞ்சுக்கு மூணரை. அந்த மூணரையும் ஒலிக்கு, வித்தவங்களுக்கு இல்ல.

மொதல்ல சாமான் என்னன்னு சொல்லிடுறேன். உள்ளங்கையில அடங்குற சிப்பு. அடியில லித்தியம் நியோபேட்னு ஒரு படிகம், பாக்க கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கும். அதோட ரெண்டு ஓரத்துலயும் உலோகத்துல சன்னமா கோடு போட்டிருப்பாங்க, ரெண்டு சீப்ப பல்லுக்குள்ள பல்லு கோத்து வச்சா எப்படி இருக்கும், அப்படி. ஐடிடின்னு சொல்லுவோம். ஒவ்வொரு பல்லும் 50 மைக்ரான் அகலம், லைட்டுல சாய்ச்சு பாத்தா வானவில் மாதிரி அடிக்கும். நடுவுல பிடிஎம்எஸ் ரப்பர்ல வார்த்த ஒரு மில்லிமீட்டர் அகல சந்து, செல் போட்ட தண்ணி அதுல ஓடும். கூடவே ஒரு சிக்னல் ஜெனரேட்டர், ஒரு ஆம்ப்ளிஃபையர், சிப்ப அமுக்கி புடிக்கிற ஹோல்டர், ஒரு சாஃப்ட்வேர். மைக்ராஸ்கோப்பும் சிரிஞ்ச் பம்பும் நம்மளோடது.

சீப்புக்கு 20 மெகாஹெர்ட்ஸ்ல கரண்ட்டு குடுத்தா படிகம் அந்த வேகத்துக்கு சுருங்கி விரியுது, அதோட மேல்தோல்ல ஒரு அலை கெளம்பி ஓடுது. நிலநடுக்கத்துல தரையோட மேல்பரப்புல ஓடுற அலை இருக்கே, 1885ல ராலே பிரபு கணக்கு போட்டு இப்படி ஒண்ணு இருக்கணும்னு சொன்னாரே, அதே சாதிதான், அளவு மட்டும்தான் குட்டி. பரப்பு ஆடுறது சில நானோமீட்டர்தான். இந்த சீப்பு வச்சு நேரா படிகத்துலேர்ந்தே அலைய கெளப்பலாம்னு 1965ல ஒயிட்டும் வோல்ட்மரும் காட்டுனாங்க, அதுக்கப்புறம் டிவி, ரேடாருன்னு போயி இப்ப நீங்க கையில வச்சிருக்கிற போனுக்குள்ளயும் சிக்னல் வடிகட்டுறது இதே வம்சத்து சில்லுதான். போன்ல அது மேல ஒரு சொட்டு ஈரம்கூட படாம மூடி வைப்பாங்க. இங்க வேணும்னே தண்ணிய ஊத்துறோம். வர்ற தொல்லை பூரா அங்கதான் ஆரம்பிக்குது, சந்தோஷமும் அங்கதான்.

தண்ணி பட்ட எடத்துல அலை படிகத்த விட்டுட்டு சுமார் 22 டிகிரி சாய்வுல தண்ணிக்குள்ள ஏறிடும், ஏன்னா படிகத்துல அது செகண்டுக்கு கிட்டத்தட்ட 4000 மீட்டர் வேகத்துல ஓடுது, தண்ணியில 1500 பக்கம்தான். ரெண்டு பக்கத்து சீப்புலேர்ந்தும் ஒரே நேரத்துல அலை அனுப்புனா நடுவுல நிக்கிற அலை உருவாகும். பள்ளிக்கூட பாடத்துல கணு, எதிர்க்கணுன்னு படிச்சோமே அதுதான், இங்க அழுத்தம் மாறாம இருக்கிற எடம் கணு, ரொம்ப மாறுற எடம் எதிர்க்கணு. 1866ல குண்ட் ஒரு கண்ணாடிக் குழாய்க்குள்ள தூளப் போட்டு ஒலி குடுத்து தூள் வரி வரியா சேர்றத காட்டுனாரு, இது அதோட மைக்ரான் சைஸ் தம்பி. 20 மெகாஹெர்ட்ஸ்ல அலைநீளம் 200 மைக்ரான், அப்ப 100 மைக்ரானுக்கு ஒரு கணு, ஒரு மில்லிமீட்டர் சந்துல பத்து கோடு.

பெட்டி பிரிச்ச மறுநாள் 10 மைக்ரான் பாலிஸ்டைரின் உருண்டைய விட்டு பாத்தோம். ஆன் பண்ணுன ஒரு செகண்டுல பத்து வரி. சரி, உருண்டைதானே, கம்பெனி வீடியோவுலயே பாத்தாச்சுன்னு பெருசா எதுவும் தோணல. அன்னைக்கு சாயங்காலம் ஜுர்காட் செல்ல விட்டோம். ரத்த வெள்ளணு வகை, லேப்ல வளக்கிறது, தானா மெதந்துட்டு திரியும். ஃபோகஸ் வச்சு பாத்துட்டிருக்கேன், செல்லெல்லாம் கூட்டம் மாதிரி தாறுமாறா போயிட்டிருக்கு, பக்கத்துல ஜூனியர் பையன் பட்டன தட்டுனான். கூட்டம் ஒரு தடவை நடுங்குச்சு. அப்புறம் யாரோ விசில் அடிச்ச மாதிரி பத்து வரிசையா பிரிஞ்சு நின்னுச்சு, ஒண்ணுகூட பிசகல. ஆஃப் பண்ணா வரிசை மெதுவா கலையுது, ஆன் பண்ணா திரும்ப நிக்குது. "அண்ணா, நம்ம பேச்ச கேக்குது அண்ணா"ன்னான். எங்க மேடம் பொதுவா எதப் பாத்தாலும் "சரி, கண்ட்ரோல் எங்க"ன்னு கேக்குற ஆளு, அவங்களே ஒரு பதினஞ்சு நிமிஷம் சேர விட்டு எந்திரிக்கல.

இந்த ஒரு விஷயத்துல குறையே சொல்ல முடியாது. சாயம் வேணாம், காந்த உருண்டை ஒட்ட வேணாம், ஆன்டிபாடி வேணாம். செல்லு தண்ணிய விட கொஞ்சம் அடர்த்தி, கொஞ்சம் அமுங்காத்தனம் ஜாஸ்தி, அவ்ளோ போதும், ஒலி அத கணுவுக்கு தள்ளிடும். கொழுப்புத் துளி நேர் எதிரா எதிர்க்கணுவுக்கு ஓடும். ஸ்வீடன்ல லுண்ட் பல்கலைக்கழகத்துல தாமஸ் லாரல் குழு இத வச்சுதான் இதய ஆபரேஷன்ல சிந்துற ரத்தத்துலேர்ந்து கொழுப்பயும் சிவப்பணுவயும் தனித்தனியா பிரிச்சு காட்டுனாங்க, அது அழகான வேலை. நாங்களும் எண்ணெய் துளியயும் செல்லயும் கலந்து விட்டு பாத்தோம், ஒரு வரி செல்லு, ஒரு வரி எண்ணெய், ஒரு வரி செல்லுன்னு கோடு போட்ட நோட்டு மாதிரி வந்துச்சு. இன்னும் அந்தப் படம்தான் என் கம்ப்யூட்டர் வால்பேப்பர்.

ஒத்த செல்ல புடிச்சு நகத்துறதும் வேலை செய்யுது. இதுக்கு நாலு பக்கமும் சீப்பு இருக்கிற வேற சிப்பு குடுக்குறாங்க. ஒரு பக்கத்து அலையோட ஃபேஸ, அதாவது அலை சுத்துல எந்த எடத்துல ஆரம்பிக்குதுங்கிறத, மாத்துனா கணு நகரும், முழு சுத்து 360 டிகிரி மாத்துனா அர அலைநீளம், அதாவது 100 மைக்ரான், அப்ப 36 டிகிரிக்கு 10 மைக்ரான், ஏறக்குறைய ஒரு செல்லு அகலம். மவுஸ சுத்துனா செல்லு பின்னாலயே வருது. 2012ல டோனி ஹுவாங் குழு செல்லு மட்டும் இல்லாம மண்ணுல வாழுற குட்டிப் புழுவயே இப்படி ஒலியால புடிச்சு நிறுத்தி காட்டுனாங்க. வெளிச்சத்தால செல்ல புடிக்கிற லேசர் கிடுக்கிக்கு 2018ல ஆஷ்கின் நோபல் வாங்குனாரு, அது இத விட துல்லியம்தான், ஆனா அங்க ஒரு சின்ன புள்ளியில அவ்ளோ வெளிச்சத்த குவிக்கணும், செல்லுக்கு சூடு போடுற மாதிரி ஆயிடும். ஒலியில அந்த கவலை இல்லன்னு நானும் நெனச்சேன்.

இங்கதான் என் முக்கியமான புகாரு வருது.

பிரோஷர்ல மொத பக்கத்துலயே பெரிய எழுத்துல போட்டிருக்கான், செல்லுக்கு மென்மையானது, பிழைப்பு விகிதம் பாதிக்காதுன்னு. பொய் இல்ல. டிரைபன் ப்ளூ போட்டு எண்ணிப் பாத்தேன், சிப்புக்குள்ள போறதுக்கு முன்ன நூத்துக்கு 96 உயிரோட, வெளிய வந்த பிறகு 94. செத்த செல்லுதான் நீலமாகும், அதுக்கு சவ்வு கிழிஞ்சிருக்கணும். சவ்வு கிழியல. அதனால நல்லாருக்குன்னு நம்பிட்டோம். அடுத்த ரெண்டு மாசம் நாங்க என்ன பண்ணோம்னா, செல்ல கோடு கட்டி நிறுத்தி, கால்சியம் ஏறுனா ஒளிர்ற சாயம் போட்டு, ஒலி குடுத்தா செல்லுக்குள்ள கால்சியம் ஏறுதான்னு பாத்தோம். ஏறுச்சு. ஆன் பண்ணுன ரெண்டு நிமிஷத்துல மினுக்கு மினுக்குன்னு செல்லு ஒவ்வொண்ணா வெளிச்சமாகுது. எங்களுக்கு தலகால் புரியல. ஒலி செல்ல தள்ளுது, தள்ளுறத செல் சவ்வுல தொடுதல் உணர்ற வாசலான பியெசோ சேனல் உணருது, கால்சியம் உள்ள வருதுன்னு போர்டுல பெரிய படமே வரைஞ்சாச்சு. பியெசோ கண்டுபுடிச்சதுக்கு ஆர்டம் பட்டாபூட்டியன் 2021ல நோபல் வாங்குனாரு, அதெல்லாம் பேப்பரோட முன்னுரைக்கு ரெடி பண்ணி வச்சிருந்தேன்.

ஜூனியர் பையன்தான் ஒரு நாள் சாவகாசமா கேட்டான், "அண்ணா, ஆன் பண்ணுன சிப்ப தொட்டு பாத்தீங்களா, கை சுடுது." தொட்டேன். வெதுவெதுப்பெல்லாம் இல்ல, நல்ல சூடு. சூடு அளக்குற சன்னமான கம்பி, தெர்மோகப்பிள் ஒண்ண வெளிய போற சந்துல சொருகி பாத்தோம். மேனுவல்ல சொன்ன 27 டிபிஎம்ல, அதாவது அர வாட், மூணு நிமிஷத்துல 24 டிகிரிலேர்ந்து 43க்கு போயிடுச்சு. பத்தொம்பது டிகிரி! ஹோல்டர் பிளாஸ்டிக், சூடு எங்க எறங்கும்? மேல இருக்கிற ரப்பர் வேற ஒலிய உறிஞ்சி உறிஞ்சி சூடாகுது. அடுத்த நாள் அவனே ஒரு காரியம் பண்ணான், ஒலியே குடுக்காம சிப்ப ஹீட்டர் தட்டுல வச்சு மெதுவா 43க்கு ஏத்தி அதே சாயம், அதே கேமரா. செல்லு மினுக்கு மினுக்குன்னு வெளிச்சமாச்சு. வெப்ப அதிர்ச்சியில ஏறுற எச்எஸ்பி70 ஜீன பாத்தா அதுவும் ஒலி குடுத்ததுலயும் சூடு மட்டும் குடுத்ததுலயும் ஒண்ணு போல ஏறியிருக்கு. செல்லு சாகல, பயந்து போயி நின்னிருக்கு, அத நாங்க தொட்டதுக்கு சிரிக்குதுன்னு எழுத இருந்தோம். 2021 நோபல்ல பட்டாபூட்டியனோட பங்கு போட்டுக்கிட்டவரு டேவிட் ஜூலியஸ், அவரு கண்டது சூடு உணர்ற சேனல். ஒரே பரிச பங்கு போட்ட ரெண்டு பேர்ல நாங்க தப்பான ஆள புடிச்சிட்டோம்னு மேடம் இப்பவும் சொல்லி சிரிக்கிறாங்க. ரெண்டு மாச டேட்டா குப்பைக்கு போச்சு, அது மட்டும் சிரிப்பா இல்ல.

தப்பு எங்க மேலயும் இருக்கு, ஒத்துக்கறேன். கண்ட்ரோல்னு நாங்க வச்சது ஒலி ஆஃப் பண்ணுன சிப்பு, அது ரூம் சூட்டுல இருந்துச்சு. ஆனா கம்பெனி குடுத்த அப்ளிகேஷன் நோட்டுல போட்டிருக்கிற கண்ட்ரோலும் அதே ஆஃப் பண்ணுன சிப்புதான், நாங்க அத பாத்துதான் பண்ணோம். அதுல வெப்பம்னு ஒரு வார்த்த வருதான்னு தேடிப் பாத்தேன், கடைசி பக்கத்துல, குளிரூட்டும் தட்டு தனியா ஆர்டர் பண்ணலாம்னு ஒரு வரி. வாங்குறப்ப விக்க வந்தவரு அந்த தட்டு உங்களுக்கு தேவைப்படாது சார்னு சொன்னது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

இப்ப எப்படி ஓட்டுறோம்னா, சிப்புக்கு அடியில கரண்ட்டுல குளிர வைக்கிற பெல்டியர் தட்டு, நடுவுல வெப்பம் கடத்துற பசை, ஹோல்டர அலுமினியத்துல நாங்களே செஞ்சோம். ஒலி குடுக்குற சிப்பயும் குடுக்காத சிப்பயும் ஒரே டிகிரில புடிச்சு வைக்கிறோம். தெர்மோகப்பிள் சொருக முடியாத எடத்துக்கு ரோடமின் பி சாயம் நல்லது, சூடு ஏற ஏற அதோட ஒளி மங்கும், அத வச்சு சந்துக்குள்ள டிகிரிய கணக்கு போடலாம். ஒரே தலவலி, அந்த சாயம் பிடிஎம்எஸ் ரப்பருக்குள்ள ஊறிப்போயிடும், அதனால சாயத்துக்குன்னு ஒரு சிப்ப ஒதுக்கிடுங்க, அதுல அப்புறம் செல்லு விடாதீங்க. பவர கொறைச்சாலே பாதி பிரச்சனை போயிடும்ங்கிறது வேற விஷயம். ஒலியோட தள்ளு விசை வோல்டேஜோட வர்க்கத்துக்கு ஏறும், சூடும் அப்படியேதான் ஏறும், ரெண்டும் ஒட்டிப் பிறந்த ரெட்டைப் புள்ள, ஒண்ண மட்டும் கூப்புட முடியாது. ஆனா செல்லு கோடு கட்ட ஒரு செகண்டு ஆனா என்ன, நாலு செகண்டு ஆனா என்ன? டெமோவுல பாக்கதான் ஒரு செகண்டு அழகு.

குமிழி பத்தி சொல்லாம விட்டா பாவம். பிடிஎம்எஸ் வழியா காத்து போகும் வரும், செல்லு மெதக்குற உப்புக் கரைசல், அதாவது பஃபர், கொஞ்சம் சூடானா கரைஞ்சிருந்த காத்து வெளிய வரும், ஒரு குமிழி சந்து ஓரத்துல ஒட்டிக்கிச்சுன்னா அன்னைக்கு வேலை அவ்ளோதான். ஒலி பட்டா குமிழி துடிக்கும், அத சுத்தி தண்ணி சுழல் எடுக்கும், பத்து வரிசையும் கலைஞ்சு எல்லா செல்லும் அந்த குமிழிய சுத்தி ராட்டினம் ஆடும். பாக்க ஜோரா இருக்கும், டேட்டா எடுக்க முடியாது. வாக்குவம்ல பஃபர அர மணி நேரம் வச்சு காத்த எடுத்துட்டு, சந்த மொதல்ல எத்தனால்ல நனைச்சு, அப்புறம் பஃபர மெதுவா தள்ளுனா பத்துல எட்டு தடவ தப்பிச்சிடலாம். மேனுவல்ல இதுக்கு ரெண்டு வரி இருக்கு, ரெண்டும் சரியா இருக்கு, நன்றி.

ஒரு சிப்பு ஒடைஞ்சது. அதுக்கு நான் மட்டும்தான் பொறுப்பு, ஆனா எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தா ஒடைஞ்சிருக்காது. கழுவிட்டு சீக்கிரம் காயட்டும்னு 80 டிகிரி ஹாட் பிளேட்டுல நேரா வச்சுட்டேன், அப்புறம் எடுத்து குளிர்ச்சியான ஸ்டீல் மேசையில வச்சேன். "டிக்". ஒரே ஒரு சத்தம். கண்ணாடியில முடி விழுந்த மாதிரி ஒரு கீறல் இந்த ஓரத்துலேர்ந்து அந்த ஓரம். லித்தியம் நியோபேட்டுக்கு சூடு திடீர்னு மாறுனா மேல மின்சாரம் சேரும், சீப்பு பல்லுக்கு நடுவுல பொறியே பறக்கும், அதுக்கு மேல படிகமே நொறுங்குற சாதி. நிமிஷத்துக்கு ரெண்டு மூணு டிகிரின்னு ஏத்தி எறக்கணும். இது தெரிஞ்சவங்களுக்கு அ ஆ, ஆனா செல் பயாலஜி லேப்புல கண்ணாடி ஸ்லைடு கழுவி பழக்கப்பட்ட கைக்கு எப்படி தெரியும்? சப்போர்ட்ல மெயில் போட்டதுக்கு "நீங்க எவ்ளோ வேகமா சூடு ஏத்துனீங்க"ன்னு ஒரே வரியில பதில், வாரண்டி கெடையாதுன்னு ரெண்டாவது வரி.

ஆட்டோ ட்யூன்னு ஒரு வசதிக்கு தனியா லைசென்ஸ் வாங்க சொல்றாங்க, அத வாங்காதீங்க. சிப்பு சூடானா அதுக்கு புடிச்ச அதிர்வெண் நகரும், சாஃப்ட்வேர் பின்னாலயே தொரத்தி புடிக்கும்னு சொல்றாங்க. நகர்றது நெசம்தான். ஆனா இந்த படிகம் டிகிரிக்கு பத்து லட்சத்துல சுமார் 75 பங்குதான் நகருது, 20 மெகாஹெர்ட்ஸ்ல பத்து டிகிரி ஏறுனா 15 கிலோஹெர்ட்ஸ். இருபது ஜோடி பல்லு இருக்கிற சீப்பு தாங்குற அகலமே கிட்டத்தட்ட ஒரு மெகாஹெர்ட்ஸ். பெரிய வாசல்ல ஒரு எறும்பு நவுந்ததுக்கு கதவ நகத்தி வைக்கிற கதைதான். இதே கம்பெனி வேற ஒரு சிப்பு விக்குது, சிலிக்கான்ல குடைஞ்ச 375 மைக்ரான் சந்து, 2 மெகாஹெர்ட்ஸ்ல முழு சந்துமே ஒத்ததிர்வுல பாடுறது. அதுக்கு ட்யூனிங் உயிர் மாதிரி, ஒரு டிகிரி மாறுனாலே கோடு தளந்துடும். அந்த விளம்பரத்த அப்படியே எடுத்து இதுக்கும் ஒட்டிட்டாங்கன்னு நெனக்கிறேன்.

பாக்டீரியாவுலேர்ந்து புற்று செல் வரைக்கும்னு பிரோஷர்ல இருக்கு. புற்று செல் வரைக்கும் சரி. பாக்டீரியாவ நீங்களே அழிச்சுக்கோங்க அந்த வரியிலேர்ந்து. விசை செல்லோட ஆரத்தோட கனத்துக்கு போகும், தண்ணி இழுக்குற இழுவை ஆரத்துக்குதான் போகும், அதனால நகர்ற வேகம் ஆரத்தோட வர்க்கம், ரெண்டு மடங்கு பெரிய செல்லு நாலு மடங்கு வேகமா ஓடும். பெருசு சிறுசு பிரிக்க இது வரம். சீப்ப ஓட்டத்துக்கு கொஞ்சம் சாய்ச்சு வச்சு, 2015ல மார்பகப் புற்று நோயாளிங்க ரத்தத்துல சுத்துற ஒண்ணு ரெண்டு புற்று செல்ல பிரிச்சு காட்டுனது இந்த கணக்குலதான். ஆனா ஒரு மைக்ரான் பாக்டீரியாவுக்கு வந்தா விசை ஆயிரத்துல ஒரு பங்கா சுருங்கிடும், ஒலியே கெளப்புற சுழல் ஓட்டம் அத இழுத்துட்டு போயிடும். ஈ கோலைய விட்டு பாத்தோம், கணுவாவது எதிர்க்கணுவாவது, எல்லாம் சந்து ஓரமா வட்டம் அடிக்குது. சப்போர்ட்ல கேட்டா அதிர்வெண் ஜாஸ்தி சிப்பு தனியா இருக்குன்னாங்க. இருக்கும்.

அப்புறம் வேகம். நிமிஷத்துக்கு 10 மைக்ரோலிட்டர் ஓட்டுறோம், ஒரு மில்லி ஓட்ட நூறு நிமிஷம். சென்ட்ரிஃப்யூஜுக்கு பத்து மில்லி அஞ்சு நிமிஷ வேலை, ஃப்ளோ சைட்டோமீட்டர் செகண்டுக்கு ஆயிரக்கணக்குல எண்ணித் தள்ளிடும். அதனால ஜாடி ஜாடியா செல்லு பிரிக்கணும்ங்கிறவங்க இதப் பக்கம் வராதீங்க. இதுல இன்னொரு கூத்து, நூறு நிமிஷம் ஓடுறப்ப சிரிஞ்சுக்குள்ள இருக்கிற செல்லு கீழ படிஞ்சிடும். மொத அர மணி நேரம் செல்லு வரும், அப்புறம் வெறும் தண்ணி வரும், நாம சிப்ப திட்டிட்டு இருப்போம். ரெண்டு வாரம் நான் திட்டுனேன். சிரிஞ்சுக்குள்ள ஒரு குட்டி காந்தத்த போட்டு சுத்த விட்டா இல்ல அயோடிக்சனால் கலந்து பஃபரோட அடர்த்திய கொஞ்சம் ஏத்துனா சரியாயிடும். ஆனா அடர்த்திய ஏத்துனா செல்லுக்கும் தண்ணிக்கும் உள்ள வித்தியாசம் கொறையும், ஒலிக்கு புடிமானம் கொறையும், ரொம்ப ஏத்துனா செல்லு எதிர்க்கணுவுக்கே போயிடும். நாங்க காந்தத்தோட நிறுத்திக்கிட்டோம்.

சிப்பு ரெண்டு தினுசு இருக்கு. சந்து படிகத்தோட நிரந்தரமா ஒட்டுனது ஒண்ணு, அடச்சுக்கிட்டா படிகத்தோட தூக்கிப் போடணும், மனசு வலிக்கும். இன்னொண்ணு படிகம் நிரந்தரம், சந்து மட்டும் தூக்கிப்போடுறது, நடுவுல ஸ்கேன் எடுக்கிறப்ப வயித்துல தடவுற மாதிரி ஜெல். மனுஷ செல்லு, நோயாளி சாம்பிள்னு வந்தா ரெண்டாவதுதான் சரி, ஒருத்தரோடது இன்னொருத்தரோடதுல கலக்காது. ஆனா ஜெல்ல ஒரு நாள் தடவுற மாதிரி மறுநாள் தடவ மாட்டோம், விசை நாளுக்கு நாள் மாறும். தெனமும் மொதல்ல 10 மைக்ரான் உருண்டைய விட்டு அது கோட்டுக்கு வர எவ்ளோ நேரம் ஆகுதுன்னு பாத்து, அத வச்சு அன்னைக்கு வோல்டேஜ முடிவு பண்ணுங்க. பத்து நிமிஷ வேலை. டயல்ல இருக்கிற நம்பர நம்பி ரெண்டு நாள் டேட்டாவ ஒப்பிடாதீங்க.

சாஃப்ட்வேர் பரவால்ல. ஹோல்டர்ல இருக்கிற ஸ்ப்ரிங் பின்னு மூணாவது மாசம் தளந்துச்சு, ஒரு பக்கத்து சீப்புக்கு கரண்ட்டு போகாம நிக்கிற அலை ஓடுற அலையாயிடுச்சு, செல்லெல்லாம் ஒரே செவுத்துக்கு தள்ளிட்டு போச்சு. பின்ன மாத்துனதும் சரி.

யாருக்கு வாங்க சொல்லுவேன்? கொஞ்சம் செல்லு, அரிதான சாம்பிள், சாயம் ஒட்டக்கூடாது, ரெண்டு செல்ல பக்கத்துல பக்கத்துல நிறுத்தி பேசிக்குதான்னு பாக்கணும், இல்ல ஒரு செல்லு எவ்ளோ இறுக்கமா ஒட்டியிருக்குன்னு இழுத்துப் பாக்கணும், இந்த மாதிரி கேள்விக்கு இத விட நல்ல கருவி எனக்கு தெரியல. கடைசியா சொன்னதுக்கு ஆம்ஸ்டர்டாம்லேர்ந்து வந்த லுமிக்ஸ்னு தனி மெஷினே இருக்கு, அது வேற தரம், வேற ரிவ்யூ. எலக்ட்ரானிக்ஸ் தெரிஞ்ச ஒருத்தராவது லேப்ல இல்லன்னா கொஞ்சம் யோசிங்க.

போன வாரம் அதே கம்பெனிக்காரரு புது மாடலோட டெமோவுக்கு வந்தாரு. நல்ல மனுஷன், பொறுமையா எல்லாம் மாட்டுனாரு. நான் எங்க செல்லயும் தெர்மோகப்பிளயும் எடுத்துட்டு போயி பக்கத்துல உக்காந்தேன். "இது எதுக்கு சார்"ன்னாரு. "வெளிய போற சந்துல சொருக"ன்னேன். ஒரு நிமிஷம் அதையே பாத்தாரு, அப்புறம் ஒண்ணும் சொல்லாம டயல 27லேர்ந்து 21க்கு எறக்கிட்டு ஆன் பண்ணாரு. கோடு கட்ட நாலு செகண்டு ஆச்சு, சூடு அஞ்சு டிகிரிதான் ஏறுச்சு, செல்லு ஒண்ணும் மினுக்கல. புது மாடல் மேனுவல அங்கயே வாங்கி பொரட்டிப் பாத்தேன், அதுலயும் 27தான் போட்டிருக்கு.